காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களும் தோட்டங்களும்: கேமராவோடு போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனில் காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் சுற்றுலா பஸ்ஸில் காட்ஸ்வோல்ட்ஸ் போய் வந்தவர்களின் படங்களில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தெரியும். கூரைக்கு மேல் வானம் வெளுத்துப் போயிருக்கும். சுவரில் பாதி கறுப்பு நிழல். முன்னால் நாற்பது பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. பஸ் ஊருக்குள் வந்த நேரம் பகல் பதினொன்றரை, அவ்வளவுதான்.

தேன் நிறக் கல் வீடு, வாசலில் படர்ந்த ரோஜா, எதிரே சிற்றோடை என்று இங்கிலாந்துக் கிராமத்தைப் பற்றி நம் மனதில் இருக்கும் படம் பெரும்பாலும் இந்தப் பகுதியில் எடுத்ததுதான். க்ளோஸ்டர்ஷயரை மையமாகக் கொண்டு, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர், வில்ட்ஷயர் வரை பரவிய சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம் இது. இங்கிலாந்தின் பெயர்பெற்ற தோட்டங்களில் சிலவும் இங்கேயே, ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஊரும் தோட்டமும் சேர்ந்து கிடைக்கிற இடம் என்பதால் மூன்று நாள் இருக்கிறவர்கள் வேறெங்கும் அலையாமல் இங்கேயே இருப்பது நல்லது.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

பயணத் திட்டத்தை ஊர்ப் பட்டியலில் தொடங்காதீர்கள், வெளிச்சத்தில் தொடங்குங்கள். கோச் பஸ்கள் காலை 10 மணிக்கு மேல் வர ஆரம்பித்து மாலை 5 மணிவாக்கில் கிளம்பிவிடும். தோட்டங்களும் பெரும்பாலும் 10 முதல் 5 வரைதான் திறந்திருக்கும். அதனால் கணக்கு எளிது: கிராமங்களுக்கு விடியலும் அந்தியும், தோட்டங்களுக்கு மேகம் மூடிய நடுப்பகல்.

ஜூன் மூன்றாம் வாரத்தில் அங்கே சூரியன் அதிகாலை 4.45 வாக்கில் உதித்து இரவு 9.30 வாக்கில் மறைகிறது. சென்னையில் சூரியன் ஏறக்குறைய நேராக மேலே ஏறிவிடுவதால் காலையின் மஞ்சள் வெயில் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். காட்ஸ்வோல்ட்ஸ் 52 பாகை வடக்கில் இருப்பதால் அங்கே சூரியன் சாய்வாக ஏறும். அதே மஞ்சள் வெயில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் நிற்கும். அவசரப்படாமல் ஒரு கிராமத்தை முழுதாகச் சுற்றி முடிக்கலாம். நான்கு மணிக்கு எழ முடியாதவர்களுக்கு மாலை 7 முதல் 9.30 வரை இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. ஊர் காலியாகியிருக்கும், ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறும்.

மேகம் மூடினால் மனம் தளர வேண்டாம். தோட்டத்தில் நல்ல வெயில்தான் உண்மையான எதிரி. இலை ஒவ்வொன்றும் கண்ணாடி போல மின்னும், வெள்ளைப் பூ வெந்துபோகும், வேலியடி கறுத்துவிடும். மெல்லிய மேகம் வானத்தையே ஒரு பெரிய வெள்ளைத் துணியாக மாற்றி, எல்லாப் பூவுக்கும் ஒரே அளவு ஒளி தருகிறது. தூறல் நின்ற அரை மணி நேரம் அதைவிட நல்லது. நிறங்கள் ஊறிப்போய் அடர்த்தியாக இருக்கும்.

எந்த மாதம்

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஜூன் 15 முதல் ஜூலை 5 வரை. பழைய ரக ரோஜாக்கள் உச்சத்தில் இருக்கும், பூப்பாத்திகள் நிறைந்திருக்கும், பகல் நீளம். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த காலம், விடுதி விலை ஏறியிருக்கும்.

மற்ற மாதங்களுக்கும் அவற்றுக்கான பூ உண்டு. ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பனித்துளிப் பூக்களுக்குப் பெயின்ஸ்விக் ரொகோகோ தோட்டமும் கோல்ஸ்போர்ன் பார்க்கும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுவரை காடுகளில் ப்ளூபெல் என்ற நீலப் பூ. மே மாதத்தில் வீட்டுச் சுவர்களில் விஸ்டீரியா. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை ஸ்னோஸ்ஹில் அருகே லாவண்டர் வயல், அதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அக்டோபர் கடைசியில் வெஸ்டன்பர்ட் மரப்பூங்காவில் மேப்பிள்கள் சிவக்கும்.

ஜூனில் புல் மகரந்தம் காற்றில் நிறைய இருக்கும். தும்மல், கண் எரிச்சல் வருகிறவர்கள் மாத்திரையைக் கையோடு கொண்டுபோவது அவசியம். பூப்பாத்தி நடுவே நின்று தும்மிக்கொண்டே ஃபோகஸ் செய்ய முடியாது.

போவதும் தங்குவதும்

லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷ் வரை நேரடி ரயில், சுமார் ஒன்றேமுக்கால் மணி நேரம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை வெகுவாகக் குறையும். இருவர் சேர்ந்து போனால் இருவருக்குமான ரயில்கார்டு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தரும். எந்த ரயிலைப் பிடித்தாலும் விடியலுக்கு முன் கிராமத்தில் இருக்க முடியாது என்பதால் அங்கேயே தங்கியாக வேண்டும். இதைத் தவிர்க்கிறவர்கள்தான் பதினொன்றரை மணிப் படங்களோடு திரும்புகிறார்கள். மோர்ட்டன் அல்லது சிப்பிங் கேம்ப்டனில் மூன்று இரவு தங்குவது வசதி. கேம்ப்டனில் 1627-ல் கட்டிய சந்தை மண்டபமும், கம்பளி வணிகர்கள் பணம் கொடுத்து எழுப்பிய பெரிய தேவாலயமும் வாசலிலேயே கிடைக்கும்.

பஸ் உண்டு. 801 எண் பஸ் மோர்ட்டன், ஸ்டோ, போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர், செல்ட்டன்ஹம் ஊர்களை இணைக்கிறது. ஆனால் விடியற்காலையில் பஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மிகக் குறைவு. புகைப்படம்தான் நோக்கம் என்றால் வாடகைக் கார் வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து 12 மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம். நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம்தான். சிக்கல் கிராமத்துச் சாலையில்தான். இருபுறமும் ஆள் உயரப் புதர்வேலி, ஒரு கார் அகலம், வளைவுக்கு அப்பால் டிராக்டர். ஆங்காங்கே அகலமாக விட்டிருக்கும் ஒதுங்குமிடத்தில் நின்று எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும். அந்த இடம் படம் எடுக்க நல்ல கோணமாகத் தெரிந்தாலும் அங்கே காரை நிறுத்திவிட்டு இறங்கக்கூடாது. சாலையோரப் புல்வரப்பிலும் நிறுத்தாதீர்கள். மழைக்குப் பிறகு சக்கரம் புதையும், வரப்பும் கெடும். செவ்வாய்க்கிழமை மோர்ட்டனில் பெரிய சந்தை என்பதால் அன்று பார்க்கிங் கிடைப்பது கடினம்.

தோட்டங்களின் திறப்பு நாட்களை விடுதி பதிவு செய்வதற்கு முன்பே பாருங்கள். ஹிட்கோட் பருவத்தில் பெரும்பாலும் தினமும் திறந்திருக்கும். அதற்கு எதிரே உள்ள கிஃப்ட்ஸ்கேட் கோடையில் வியாழன், வெள்ளி மூடியிருப்பது வழக்கம், மற்ற நாட்களிலும் மதியத்துக்குப் பிறகுதான். சீசின்கோட்டோ அதற்கு நேர்மாறாக வியாழன், வெள்ளி மதியம் திறப்பது வழக்கம். ஆகவே செவ்வாய் மாலை போய்ச் சேர்ந்து, புதனன்று ஹிட்கோட்டும் கிஃப்ட்ஸ்கேட்டும், வியாழனன்று சீசின்கோட் என்று வைத்தால் மூன்றும் கைக்குள் வரும். நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், அந்தந்தத் தோட்டத்தின் இணையதளத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். நுழைவுக் கட்டணத்துக்கு ஒரு தோட்டத்துக்கு 10 முதல் 20 பவுண்டு ஒதுக்கி வைக்கலாம்.

கிராமத்து பப் சமையலறைகள் பெரும்பாலும் மதியம் 2.30-க்கும் இரவு 9 மணிக்கும் மூடிவிடும், டீக்கடைகள் 5 மணிக்குள். அந்தி வெளிச்சத்துக்காக நிற்கிறவர்கள் 6 மணிக்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

பையில் என்ன

24–105 மி.மீ. லென்ஸ் ஒன்று இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். இரண்டாவதாக ஒன்று என்றால் 70–200. அகலமான 16 மி.மீ. லென்ஸை ஆசையாகத் தூக்கிப் போகிறவர்கள் பலர், ஆனால் தோட்டத்தில் அது ஏமாற்றும். கண்ணுக்கு நெருக்கமாகத் தெரிகிற பூப்பாத்தி அகல லென்ஸில் செடிக்குச் செடி இடைவெளி விட்டு வெறிச்சோடிப் போகும். போனில் எடுப்பவர்களுக்கும் இதே விதிதான்: 0.5-ஐ விட்டுவிட்டு 2 அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள்.

போலரைசர் ஃபில்டர் அவசியம். ஈர இலைகளின் பளபளப்பை எடுத்துவிட்டு உண்மையான பச்சையைக் காட்டும். விலையாக ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகக் குறைவது). இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஓடையிலும் குளத்திலும் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் அதைக் கழற்றிவிடுங்கள், அல்லது பிரதிபலிப்பு திரும்பி வரும்வரை சுழற்றுங்கள். வளையத்தைத் திருப்பிய இடத்திலேயே மறந்து விட்டுவிட்டு, குளத்தில் வீட்டின் நிழலே விழவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு.

மைக்ரோஃபைபர் துணி மூன்று, ஒன்று நனைந்தால் அடுத்தது. லென்ஸ் ஹூட், மழைக்கும் உதவும். லேசான ட்ரைபாட். அங்குள்ள மின்செருகி தடித்த மூன்று சதுரக் கம்பி கொண்டது, நம் ஊர் பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும். ஜூன் பனியில் புல் முழங்கால்வரை நனைந்திருக்கும், தண்ணீர் புகாத காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

விடியலில் ஒரு கிராமம்: பைபரி

பைபரியில் ஆர்லிங்டன் ரோ என்றொரு வீட்டு வரிசை. சுமார் 1380-ல் மடத்தின் கம்பளிக் கிடங்காகக் கட்டியது. 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்புகளாகப் பிரித்தார்கள். இப்போது பழைய கட்டடங்களையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் உள்ளது. எதிரே இருக்கும் ஈரநிலத்துக்கு ரேக் ஐல் என்று பெயர். நெய்த துணியை அங்கே சட்டங்களில் விரித்துக் காயவைத்ததால் வந்த பெயர். இந்தத் தகவல் படத்துக்கும் உதவுகிறது. ஓடை, சட்டம் போட்ட நிலம், நெசவாளர் வீடு மூன்றும் ஒரு தொழிலின் பாகங்கள் என்று தெரிந்தால், வீட்டை மட்டும் வெட்டி எடுக்காமல் மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைக்கத் தோன்றும்.

மோர்ட்டனிலிருந்து காரில் சுமார் 40 நிமிடம். சூரிய உதயத்துக்கு 20 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். கோல்ன் ஆற்றைக் கடக்கும் சிறு பாலத்தருகே நின்று, வரிசை மேட்டில் ஏறி வளைவதைச் சேர்த்து, 35 முதல் 50 மி.மீ.-ல் ஒரு படம். அது எல்லோரும் எடுக்கும் படம்தான், எடுத்துவிடுங்கள். பிறகு கொஞ்சம் பின்னே போய் 85 முதல் 135 மி.மீ.-ல் கூரை முக்கோணங்களை மட்டும் பிடியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் நெருங்கி வரும். வீடுகளைத் தாண்டி மேலேறும் சாலையிலிருந்து திரும்பிப் பார்த்தால் கல் ஓடுகள் தெரியும். கீழ்வரிசையில் பெரிய ஓடு, மேலே போகப் போகச் சிறிய ஓடு. அந்தப் படிநிலை பக்கச் சாய்வான வெளிச்சத்தில்தான் துலங்கும்.

அமைப்புகள்: எஃப் 8, ஐஎஸ்ஓ 800, 1/60 வாக்கில் கையில் பிடித்தே எடுக்கலாம். ஓடையை வழவழப்பாகக் காட்ட வேண்டுமென்றால் ட்ரைபாட்டில் ஐஎஸ்ஓ 100, 1/4 முதல் 1/2 நொடி. முதல் நாள் இரவு வானம் தெளிந்து காற்றும் இல்லாமல் இருந்தால் ஆற்றின்மேல் மூடுபனி எழ வாய்ப்புண்டு. அப்படியொரு முன்னறிவிப்பு இருந்தால் மற்ற திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே வாருங்கள்.

வைட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள். இந்தச் சுண்ணாம்புக் கல்லின் தேன் நிறம் அதிலுள்ள இரும்பால் வருகிறது. கேமரா அந்த மஞ்சளை வெளிச்சத்தின் பிழை என்று எண்ணிச் ‘சரிசெய்து’ சாம்பலாக்கிவிடும். 5,200 முதல் 5,600 கெல்வினில் நிறுத்தி வையுங்கள். வடக்கே கேம்ப்டன் பக்கம் கல் அடர்ந்த பொன்னிறமாகவும், தெற்கே பாத் நோக்கிப் போகப் போக வெளிர்ந்து பாலேடு நிறமாகவும் இருக்கும். ஒரே அமைப்பில் எடுத்தால்தான் அந்த வேறுபாடு படங்களில் நிற்கும்.

சுவர்கள் பின்னால் சாய்ந்தாற்போல் வருவது இன்னொரு பொதுவான தவறு. அண்ணாந்து எடுப்பதால் வருகிறது. கேமராவை நேர்மட்டமாகப் பிடித்து, பின்னால் நகர்ந்து, கீழே வரும் அதிகப்படி சாலையைப் பிறகு வெட்டிவிடுங்கள்.

விடியலிலும் ஒரு சிக்கல் உண்டு. சுற்றுலாப் பயணிகள் இருக்கமாட்டார்கள், ஆனால் குடியிருப்பவர்களின் கார்கள் எல்லாம் வீட்டு வாசலிலேயே நிற்கும். ஆர்லிங்டன் ரோ முன்னால் நடைபாதை மட்டுமே என்பதால் அங்கே தப்பிக்கலாம். காசில் கூம் போன்ற ஊரில் தப்ப முடியாது. அங்கே உட்கார்ந்த உயரத்துக்கு இறங்கி, சுவரோரச் செடியையோ பாலத்தின் கைப்பிடியையோ காருக்கு முன்னால் கொண்டுவந்து மறைக்க வேண்டும். குப்பை வண்டி வரும் நாளன்று ஒவ்வொரு வாசலிலும் சக்கரத் தொட்டி நிற்கும். விடுதிக்காரரிடம் முதல் நாளே கேட்டால் எந்த ஊருக்கு எந்த நாள் என்று சொல்லிவிடுவார்.

மற்ற ஊர்கள், சுருக்கமாக

லோயர் ஸ்லாட்டர்: ஐ என்ற சிற்றோடை, அதன்மேல் தாழ்ந்த கல் பாலங்கள், கோடியில் தண்ணீர்ச் சக்கரத்தோடு பழைய மாவுமில். அங்கிருந்து அப்பர் ஸ்லாட்டருக்கு வயல்வழியே ஒரு மைல் நடை. இந்த நடையை விட்டுவிடாதீர்கள். ஸ்டான்டன்: ஒரே நீண்ட தெரு, கோச் பஸ்கள் அதிகம் வராது. ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது, போர்ட்டனா ஸ்டான்டனா என்றால் தயங்காமல் ஸ்டான்டன். ஸ்னோஸ்ஹில்லை ஊருக்கு மேலேயுள்ள சாலையிலிருந்து, தேவாலயத்தை நடுவில் வைத்து எடுங்கள். காசில் கூம் வில்ட்ஷயரில், தூரம் அதிகம். மேட்டிலுள்ள பார்க்கிங்கில் காரை விட்டுப் பத்து நிமிடம் இறங்கி நடந்தால் பைபுரூக் ஓடைமேல் பாலம் வரும், படம் அங்கேதான். 1798-ல் கட்டிய பிராட்வே கோபுரம் 312 மீட்டர் உயர மேட்டில் நிற்கிறது. அந்திக்கு நல்ல இடம், ஆனால் காற்று அடிக்கும், ட்ரைபாட்டில் பையைத் தொங்கவிடுங்கள்.

ஹிட்கோட்: தோட்டத்தை அறை அறையாக எடுப்பது

1907-ல் இந்த இடத்தை வாங்கியவர் கெர்ட்ரூட் வின்த்ராப். தோட்டம் போட்டவர் அவருடைய மகன் லாரன்ஸ் ஜான்ஸ்டன். 1948-ல் நேஷனல் டிரஸ்டிடம் வந்தது. தோட்டத்துக்காகவே டிரஸ்ட் ஏற்ற முதல் இடம் இது. பத்து ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தை யூ, ஹார்ன்பீம், ஹோலி மர வேலிகளால் சுவர் போல வளர்த்து, கூரையில்லாத அறைகளாகப் பிரித்திருக்கிறார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு குணம், ஒரு நிறம். ஓர் அறையில் நிற்கும்போது அடுத்தது தெரியாது, வாசல் வழியே ஒரு துண்டு மட்டும் தெரியும்.

படம் எடுப்பவருக்கு இதுவே வழிகாட்டி. அறைக்கு நடுவில் போய் நின்று சுற்றிலும் எடுத்தால் வெறும் செடிகள்தான் கிடைக்கும். வாசலுக்கு வெளியே இரண்டு அடி தள்ளி நின்று, வேலியின் இருண்ட விளிம்பைச் சட்டமாக்கி, உள்ளேயிருக்கும் நிறத்தை எடுங்கள். பிறகு உள்ளே போய்த் திரும்பி, வந்த வாசலை எடுங்கள்.

திறந்தவுடன் உள்ளே போகிறவர்கள் நேராகக் கடைக்கோடிக்கு நடங்கள். எல்லோரும் வீட்டருகிலிருந்து தொடங்குவார்கள், நீங்கள் எதிர்த்திசையில் வந்தால் அரை மணி நேரம் ஆளில்லாத பாதைகள் கிடைக்கும். இரட்டை மண்டபங்களைத் தாண்டி ஸ்டில்ட் கார்டன் வரும், ஹார்ன்பீம் மரங்களைக் கால்மேல் நிறுத்திய பெட்டி போல வெட்டிய இடம். அதன் முடிவில் கதவு, கதவுக்கு அப்பால் ஈவ்ஷம் பள்ளத்தாக்கு. இதுவரை அடைபட்டு வந்த கண் அங்கே திடீரென்று திறக்கும். வெளிவானம் பிரகாசமாக இருப்பதால் வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, வேலிகளைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள்.

மண்டபங்களிலிருந்து வீட்டுப்பக்கம் திரும்பினால் சிவப்புப் பூப்பாத்திகள். ஜூனில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: அப்போது அங்கே செம்பழுப்பு இலைதான் அதிகம், சிவப்புப் பூவின் உச்சம் ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை.

நீண்ட பூப்பாத்தியை எதிரே நின்று எடுக்காதீர்கள். அது சந்தைக்கடையில் பரப்பி வைத்தது போல இருக்கும். ஒரு கோடியில் நின்று, இடுப்பு உயரத்துக்கு இறங்கி, நீளவாக்கில் 100 மி.மீ. பக்கம் எடுத்தால் செடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும்.

மெல்லிய மேகத்தில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/250-ல் தொடங்குங்கள். ஷட்டரை இதற்குக் கீழே இறக்க வேண்டாம். பார்க்க அசையாதது போல இருக்கும் டெல்ஃபினியம் தண்டு 1/60-ல் மங்கிவிடும். காற்று இருந்தால் 1/500, ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். கொஞ்சம் மணல்மணலாக வந்தாலும் பரவாயில்லை, ஆடிய பூவைப் பிறகு நிறுத்த முடியாது.

வெள்ளைப் பூக்கள்தான் பலரைத் தோற்கடிக்கின்றன. கரும்பச்சை யூ வேலிக்கு முன் சில வெள்ளை ரோஜாக்கள் என்றால், கேமரா பெரும்பகுதி இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், இதழ் வெறும் வெள்ளைக் காகிதமாகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −0.7 முதல் −1 வரை குறையுங்கள். அதே ரோஜா சட்டகம் முழுக்க நிறைந்தால் நேர் எதிராக, கேமரா அதைச் சாம்பலாக்கும். அப்போது +0.7. ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) வலது ஓரத்தை முட்டாமல் இதழின் நரம்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு டாலியாவுக்கு மூன்று நிற ஹிஸ்டோகிராம் வேண்டும். மொத்த வெளிச்சம் சரியென்று காட்டும்போதே சிவப்பு மட்டும் வெடித்திருக்கும், மடிப்புகள் எல்லாம் அழிந்து ஒரே பூச்சாகிவிடும். போனில் பூவைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம். போர்ட்ரெய்ட் முறை இதழ் ஓரங்களைக் கடித்துவிடும், வேண்டாம்.

மதியம் எதிரேயுள்ள கிஃப்ட்ஸ்கேட். ஹீதர் முயிர், டயனி பின்னி, ஆன் சேம்பர்ஸ் என்று மூன்று தலைமுறைப் பெண்கள் வளர்த்த தோட்டம். அதன் பெயரையே தாங்கிய கிஃப்ட்ஸ்கேட் ரோஜா மரத்தின்மேல் 50 அடிக்கு மேல் ஏறி, ஜூன் கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை வெள்ளைக் கொத்தாகக் கவியும். முழுதாக எடுக்க முயன்றால் வெறும் புள்ளிகளாகத் தெரியும். கீழே ஒரு மனிதர் நடந்து வரும்வரை காத்திருங்கள், அப்போதுதான் அளவு புரியும். பிறகு சரிவில் இறங்கினால் கீழ்த்தோட்டமும் அரைவட்டக் குளமும். மழைக்குப் பின் படிகள் வழுக்கும்.

சீசின்கோட்டில் ஒரு சூரியன் கோயில்

மோர்ட்டனிலிருந்து இரண்டு மைலுக்குள், காட்ஸ்வோல்ட்ஸ் கல்லில் கட்டிய முகலாய பாணி மாளிகை, மேலே தாமிரக் குமிழ்க் கோபுரம். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணம் சேர்த்த சார்லஸ் காக்கரெல்லுக்காக அவருடைய சகோதரர் சாமுவேல் பீப்பீஸ் காக்கரெல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தது. தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையையும் திருச்சி மலைக்கோட்டையையும் 1790-களில் தம் சகோதரர் மகன் வில்லியமோடு வந்து வரைந்தாரே, அவர்தான். ஓடைமேல் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நந்திகள் படுத்திருக்கும். மேலே குளத்தருகே சிறு கோயிலில் சூரியன். கீழே மரத்தில் சுற்றிய மூன்று தலைப் பாம்பு.

பாலத்துக்கு அடியில் ஓடையைத் தாண்ட மிதிகற்கள் போட்டிருக்கிறார்கள். அந்த நிழலிலிருந்து வெளியே பார்த்து, தூண்களைச் சட்டமாக்கி எடுங்கள். நந்தியைப் பக்கவாட்டில், பின்னால் இங்கிலாந்துப் புல்வெளியும் ஓக் மரங்களும் வரும்படி 85 மி.மீ.-ல். பாசி படிந்த கல்லின் முதுகு மேகவெளிச்சத்தில் மிருதுவாக வரும். வீட்டுக்குள் படம் எடுக்க அனுமதி கேட்டு நிற்க வேண்டாம், வெளியிலேயே இரண்டு மணி நேர வேலை இருக்கிறது.

இதோடு இன்னொரு வாய்ப்பையும் தேடிப் பாருங்கள். நேஷனல் கார்டன் ஸ்கீம் 1927-ல் தொடங்கியது. செவிலியர் பணிக்கு நிதி திரட்டத் தனியார் தங்கள் வீட்டுத் தோட்டத்தைச் சில நாட்கள் திறந்துவிடுவார்கள். முதல் ஆண்டில் 609 தோட்டங்கள், தலைக்கு ஒரு ஷில்லிங். இன்று அது ஆயிரக்கணக்கில் வளர்ந்திருக்கிறது. சாலையோரம் மஞ்சள் பலகை தெரிந்தால் நிறுத்துங்கள். டீயும் கேக்கும் கிடைக்கும், செடியை நட்டவரே பக்கத்தில் நின்று பெயர் சொல்வார். புகழ்பெற்ற தோட்டங்களில் கிடைக்காத நெருக்கம் அங்கே இருக்கும்.

வயல்வழி நடை

கிராமத்தை அதன் நிலத்தோடு சேர்த்துக் காட்ட ஊரைவிட்டு வெளியே நடக்க வேண்டும். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல் 45 வரைபடம் இந்தப் பகுதிக்கானது, 1:25,000 அளவு. பச்சைப் புள்ளிக்கோடுகள் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள். களத்தில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. தனியார் வயல் நடுவே போனாலும் பாதையில் நடக்கும் உரிமை உங்களுடையது, பாதையைவிட்டு விலகும் உரிமை இல்லை. நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு மாடு இருந்தால் நன்றாகத் தள்ளி நடங்கள், படத்துக்காக நெருங்க வேண்டாம். ஓரங்களில் நம் ஊர்க் காஞ்சொறி போல அரிக்கும் நெட்டில் செடி இருக்கும், முழுக்கால் பேன்ட் போடுங்கள். ப்ளூபெல் காட்டில் பாதைக்கு வெளியே ஓர் அடி வைத்தால்கூட நசுங்கிய செடி தேற ஆண்டுகள் ஆகும்.

எதற்கு அனுமதி, எதற்கு இல்லை

பொதுச்சாலையிலிருந்து தெரியும் கட்டடத்தைப் படம் எடுக்கச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் ஆர்லிங்டன் ரோவிலும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குள் லென்ஸை நீட்டுவதும், சின்ன கேட்டைத் திறந்து முன்தோட்டத்தில் கால்வைப்பதும், வாசற்படியில் உட்கார்ந்து போஸ் கொடுப்பதும் கூடவே கூடாது. காலை ஐந்து மணிக்குக் கார் கதவைச் சத்தமாகச் சாத்தாமல் இருப்பதும் இதில் சேரும். யாராவது வெளியே வந்தால் ஒரு ‘குட் மார்னிங்’ சொல்லுங்கள்.

நேஷனல் டிரஸ்ட் தோட்டங்களில் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்கலாம். விற்பதற்கோ திருமண ஷூட்டுக்கோ முன் அனுமதி வேண்டும். ட்ரோன் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. ட்ரைபாட்டுக்கு இடத்துக்கு இடம் விதி மாறும். குறுகிய பாதைகளில் கூட்ட நேரத்தில் மறுப்பார்கள், டிக்கெட் கொடுக்குமிடத்தில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

திரும்பி வந்தபின்

ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் கோப்பில்) எடுத்திருந்தால் முதலில் பச்சையைப் பாருங்கள். இங்கிலாந்துப் புல்லை மென்பொருள்கள் பெரும்பாலும் மஞ்சள் கலந்த பச்சையாகக் காட்டும். பச்சையின் நிறத்தை நீலப்பக்கம் சற்றே நகர்த்தி, அடர்த்தியை 10 முதல் 15 வரை குறையுங்கள், பூக்கள் தாமாக முன்னே வரும். எல்லா நிறத்தையும் ஒரே சறுக்கியில் ஏற்றுவது நேர்மாறான வேலையைச் செய்யும். ப்ளூபெல் ஊதாவாக வந்திருந்தால் ஊதாவை நீலத்தை நோக்கி நகர்த்துங்கள். கல் சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள். அது வடக்கே பொன்னாகவும் தெற்கே வெளிறியும் இருந்தது இருந்தபடியே இருக்கட்டும்.